மிதந்ததை எண்ணாதவர்

“மேடம், இது சாகவே மாட்டேங்குது.”

பூமிநாதன் நோட்டைக் கொண்டுவந்து முபீனாவின் மேஜையில் வைத்தார். வைத்தார் என்பதைவிடப் போட்டார் என்று சொல்லலாம்.

“எது சார்?”

“செல்லுதான். வாய்ப்புற்று செல்லு.”

“மருந்து விட்டீங்களா?”

“விட்டேன். ரெண்டு நாள். சொன்ன அளவு, சொன்ன சூடு. எல்லாம் சொன்ன மாதிரி.”

“எண்ணினீங்களா?”

“எண்ணினேன். நூத்துக்குத் தொண்ணூத்தாறு உசுரோட இருக்கு.”

முபீனா நிமிரவில்லை.

“யாரை எண்ணினீங்க?”

இது ஒரு கேள்வியா? செல்லைத்தான் எண்ணினார். வேறு யாரை எண்ணுவார்?

“செல்லைத்தான் மேடம்.”

“திரும்பச் செய்யுங்க.”

பதில் அவ்வளவுதான்.

*

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். பூமிநாதனுக்கு வயசு நாற்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்திருக்கிறார். அவருக்கு வழிகாட்டி முபீனா. வயசு முப்பத்துநாலு. ஒன்பதாம் வகுப்பில் இவரிடமே படித்தவள். ஒரு குட்டும் வாங்கியிருக்கிறாள்.

இப்போது அவள் இவரை ‘சார்’ என்பாள். இவர் அவளை ‘மேடம்’ என்பார். வெளியாள் பார்த்தால் யார் குரு, யார் சிஷ்யன் என்று சொல்ல முடியாது. பூமிநாதனுக்கே சில நாள் குழப்பம் வரும்.

தட்டில் வளர்கிற செல்கள் யாரோ ஒருவரின் நாக்கிலிருந்து என்றைக்கோ எடுத்தவை. அந்த மனிதர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. செல்கள் போகவில்லை. தட்டு மாற்றித் தட்டு மாற்றி வளர்ந்துகொண்டே இருக்கின்றன.

அவை சாகின்றனவா இல்லையா என்பது பூமிநாதனுக்கு வெறும் படிப்பு இல்லை. அவர் தம்பி சேவுகனுக்கு இடது கன்னத்துக்குள் புற்று. நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவன். அறுவடை நேரத்தில் கண் அசந்துவிடக் கூடாது என்று இருபது வருஷமாக அந்தக் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டே ஓட்டியவன். ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஏற்றுவது இதே மருந்துதான். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. ரெண்டு முடிந்துவிட்டது. மூன்றாவது வருகிற புதன்கிழமை.

சேவுகன் வரமாட்டேன் என்கிறான்.

இதை அவர் முபீனாவிடம் சொல்லவில்லை. வீட்டுக் கதையை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அவர் கொள்கை. கொள்கை எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பி போனில் வந்தான்.

“அண்ணே, சோறு எறங்கல. வாயெல்லாம் புண்ணு. காதுக்குள்ள எந்நேரமும் மெஷின் ஓடுற மாதிரியே ஒரு சத்தம்.”

“டாக்டர்ட்ட சொன்னியா?”

“சொன்னேன். எழுதிக்கிட்டாரு. அண்ணே, நீ அந்த மருந்தத்தான தட்டுல விட்டுப் பாக்குற?”

“ஆமா.”

“சாகுதா?”



“பாத்துக்கிட்டு இருக்கேன்டா.”

“பாத்துச் சொல்லு. டாக்டரு எல்லாருக்கும் ஒரே பேச்சத்தான் பேசுறாரு. ஓங் கண்ணு பாத்தா நான் நம்புவேன். செத்துச்சுன்னா புதன்கிழமை வாரேன். இல்லையா, ஆள விடு. கெடக்குற நாளைக்கு மெஷின்ல ஏறிச் சம்பாரிக்கிறேன்.”

“கிறுக்குப்பய மாதிரிப் பேசாத.”

“கிறுக்குப்பயதான். நீதான் படிச்சவனாச்சே, பாத்துச் சொல்லு.”

*

சனிக்கிழமை புதுத் தட்டில் மருந்து விட்டார். ஜோடித் தட்டுகள். எப்போதும் ரெண்டு ரெண்டாகத்தான் செய்வார்: மருந்து விட்டது ரெண்டு, ஒப்பிட்டுப் பார்க்க விடாதது ரெண்டு.

திங்கட்கிழமை மதியம் மருந்து விட்டதில் ஒரு தட்டை எண்ணினார். செத்த செல் நீலச் சாயத்தை உள்ளே விடும், உயிருள்ளது விடாது. நீலமாக இருந்தால் பிணம். கணக்கு அவ்வளவுதான்.

தொண்ணூற்றாறு. நீலம் பேருக்குத்தான்.

நேரே முபீனாவின் அறைக்குப் போனார். கழுவின காலித் தட்டு கையிலேயே இருந்தது. அதை வைத்துவிட்டு வரவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

“அஞ்சாவது தடவை மேடம். மருந்து போலி. இல்லேன்னா செல்லு போலி. இல்லேன்னா நான் போலி.”

“யாரை எண்ணினீங்க?”

“மேடம்!”

அவருக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. முபீனா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“சார், நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு வருஷம் அம்மை போட்டுச்சே, ஞாபகம் இருக்கா?”

“அது எதுக்கு இப்ப?”

“கிளாஸ்ல எத்தனை பேரு?”

“நாப்பத்தெட்டு.”

“அந்த வாரம் எத்தனை பேரு வந்தாங்க?”

“பதினெட்டோ என்னமோ.”

“அந்தப் பதினெட்டுப் பேரும் எப்படி இருந்தாங்க?”

“நல்லாத்தான் இருந்தாங்க. நல்லா இருக்கப்போய்த்தானே வந்தாங்க?”

“அப்ப கிளாஸ்ல அம்மையே இல்லைன்னு எழுதினீங்களா?”

“அதெப்படி எழுத முடியும்? வராததெல்லாம்…”

பேச்சு அங்கேயே நின்றது.  

“வராதவங்க எங்க இருந்தாங்க, சார்?”

“வீட்ல.”

“இங்க?”

பூமிநாதன் அறையைச் சுற்றிப் பார்த்தார். அலமாரி. மின்விசிறி. காலண்டர். செல்லுக்கு ஏது வீடு?

“நோட்டைப் படிங்க. முதல்ல என்ன செய்யணும்?”

“பழைய ஊட்டநீரை வெளியே ஊத்து.”

“ரெண்டாவது?”

“உப்புத் தண்ணி விட்டு ரெண்டு தடவை அலசு.”

“மூணாவது?”

“அடியில ஒட்டியிருக்கிற செல்லைப் பிரிச்சு எடு. எண்ணு.”

“இது யாரு எழுதின குறிப்பு?”

“எனக்கு முன்னாடி இருந்த பொண்ணோட நோட்டுல பார்த்து எழுதினது. செல்லுக்குச் சாப்பாடு மாத்துறப்ப…”

மறுபடியும் நின்றுவிட்டார்.

சாப்பாடு மாற்றும்போது அலசத்தான் வேண்டும். குப்பை போகவேண்டும். ஆனால் சாவை எண்ணப்போகிறவன் அலசலாமா? உயிரோடிருக்கிற செல் அடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். செத்தது பிடியை விட்டுவிட்டு மிதக்கும். மிதந்ததை எல்லாம் அவர் ஒவ்வொரு தடவையும் பயபக்தியோடு ஊற்றிவிட்டு, நின்றதை மட்டும் எண்ணியிருக்கிறார்.

முபீனா வெளியே ஆய்வுக்கூடத்துக் கழுவுதொட்டிப் பக்கம் முகவாயைக் காட்டினாள்.

தொட்டிக்கு அடியில் ரெண்டு பாட்டில்கள். ஒன்றில் ‘மருந்து விட்டது’, இன்னொன்றில் ‘மருந்து விடாதது’. குப்பைக்குக்கூட லேபிள் ஒட்டி வைக்கிற ஆள் பூமிநாதன். சாயங்காலம்தான் பிளீச்சிங் ஊற்றிக் கொட்டுவார். இன்னும் ஊற்றவில்லை.

*

நீலம்.

‘மருந்து விட்டது’ பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்துச் சாயம் கலந்து வைத்தால், நுண்ணோக்கியில் எங்கு பார்த்தாலும் நீலம்.

மூன்று தடவை எண்ணினார். நின்றதையும் மிதந்ததையும் சேர்த்து நூறு என்று வைத்தால், செத்தது அறுபத்திரண்டு.

அவருக்கு அழுகை வந்தது. அதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

“முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்!”

“அஞ்சு தடவை கேட்டேனே சார், யாரை எண்ணினீங்கன்னு.”

அதுவும் உண்மைதான். உண்மையாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது.

“உங்களுக்கு விளையாட்டு. எனக்குத் தம்பி.”

“தம்பியா?”

சொன்னார். கன்னம், புகையிலை, வாய்ப்புண், காதுச் சத்தம், புதன்கிழமை, எல்லாம். முபீனாவின் முகம் மாறிவிட்டது.

“இதை ஏன் சார் ஒரு மாசமா சொல்லல?”

“நீங்க கேக்கல.”

“இது நல்லாருக்கே.” அவள் எழுந்து நின்றாள். “ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. இந்தத் தட்டு உங்க தம்பி கன்னம் இல்ல. தட்டுல அறுபத்திரண்டுன்னா அங்கேயும் அறுபத்திரண்டுன்னு அர்த்தமே கெடையாது. கன்னத்துக்கு டாக்டர்தான் பதில் சொல்லணும். இந்த மருந்து காதையும் கெடுக்கும், அதனால சத்தம் வர்றதைத் திரும்ப அவர்கிட்டச் சொல்லச் சொல்லுங்க. ஊசிக்கு முன்னாடியே.”

“சரி மேடம்.”

சரி என்றாரே தவிர, நகரவில்லை. ரெண்டாவது குழப்பம் அதற்குள் வந்துவிட்டது.

“ஆனா மேடம், இதுல ஒண்ணு கூட வெடிக்கலையே.”

“எது?”

“செல்லு. விஷம் வச்சா கிழிஞ்சு, உள்ள இருக்கிறது சிந்திச் சீரழிஞ்சு கெடக்கணும். இது பொட்டலம் பொட்டலமா மடிச்சு வச்ச மாதிரில்ல இருக்கு? யாரு மடிச்சா?”

“அதுவேதான்.”

“மருந்து கொல்லலையா?”

“இல்ல.”

“பின்ன மருந்து என்னதான் செஞ்சுது?”

முபீனா மேஜை இழுப்பறையிலிருந்து பசைக் குழாயை எடுத்தாள். பூமிநாதனின் நோட்டைப் பிரித்தாள். ஒரு பக்கத்தில் பசையைத் தடவி, எதிர்ப் பக்கத்தோடு சேர்த்து அழுத்தினாள்.

“ஐயோ, என்னோட நோட்டு!”

“படிங்க.”

“எப்படிப் படிக்க? ரெண்டு பக்கமும் ஒட்டிக்கெடக்கு.”

“மருந்து செஞ்சது அவ்வளவுதான். செல்லுக்குள்ள இருக்கிற டி.என்.ஏ.ங்கிற புத்தகத்துல.”

பூமிநாதன் ஒட்டின பக்கத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பைத்தியம் யாருக்கு என்று அந்த நிமிஷம் தெரியவில்லை.

“ஒட்டினா ஒட்டிட்டுப் போகுது. அதுக்கு ஏன் சாகணும்?”

“செல்லு அதைப் பிரிச்சுப் பாக்கும் சார். பிரிக்க முடியலைன்னா, படிக்க முடியாத புத்தகத்தை நகலெடுத்து அடுத்ததுக்குக் குடுக்கக் கூடாதுன்னு தானே போயிடும்.”

“எதை வச்சு?”

“உள்ள கத்தி இருக்கு. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும். பொறந்ததுலேருந்து. உறையில.”

“புற்று செல்லுக்குள்ளயுமா?”

“அதுக்குள்ளயும்.”

“அப்ப இத்தனை நாள் ஏன் எடுக்கல?”

“போதும் போன்னு உள்ளேருந்தே ஒரு குரல் சொல்லும். இதுக்குக் காது மந்தம்.”

“மருந்து வந்து காது கொடுக்குதா?”

“ஒட்டின பக்கம் கூடக் கூட, குரல் பெருசாகும். சிலதுக்குக் கேக்கும். சிலதுக்கு அப்பவும் கேக்காது.”

பூமிநாதன் தலையைச் சொறிந்தார். கேட்கக் கேட்கத் தெளியும் என்பார்கள். இவருக்குக் கேட்கக் கேட்கக் கலங்கியது.

“மேடம், தானே போறதுன்னா… உசுரு தானே போகுமா? ஒரு நல்லதுக்காக, நோயும் இல்லாம, எங்கயாவது அப்படி உண்டா?”

முபீனா வலது கையைத் தூக்கினாள். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

அவர் பார்த்தார். சுண்டுவிரலில் மை. நகத்தில் மருதாணி பாதி அழிந்திருந்தது.

“அஞ்சா?”

அவள் கையை இறக்கவில்லை.

“கொஞ்சம் பொறுக்கணுமா?”

கை அப்படியே இருந்தது.

“டீ குடிச்சிட்டு வாரேன் மேடம்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். வேறு என்ன செய்வார்?

*

டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரை நீட்டினார். சூடு. விரலை மாற்றி மாற்றிப் பிடித்தார்.

விரல்.

பூமிநாதன் டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தார். விரித்தார். மூடினார். மறுபடி விரித்தார். பக்கத்திலிருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

தாய் வயிற்றுக்குள் முதலில் கைக்கு விரல் கிடையாது. துடுப்பு மாதிரி ஒரே தட்டைச் சதை. அப்புறம் நடுவில் இருக்கிற செல்கள் ஒவ்வொன்றாகத் தானே போய்விடும். அவை போன இடம்தான் விரலுக்கும் விரலுக்கும் நடுவில் இருக்கிற இந்த வெற்றிடம். அவை போகாவிட்டால் விரலே இல்லை.

டீயைக் குடிக்காமல் திரும்பி ஓடினார்.

“மேடம், இது நான் நடத்துன பாடம்!”

“ஆமா சார். என் கிளாஸ்லதான்.”

“அப்படியா?”

“அன்னிக்குத்தான் குட்டு வாங்கினேன். பாடத்தைக் கவனிக்காம கையை விரிச்சு விரிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தேன்னு.”

பூமிநாதன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலண்டரைப் பார்த்தார்.

அதிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். “தம்பி வாயில ஏன் புண்ணு? அது நல்ல செல்லுதானே?”

“அதுக்கும் பக்கம் ஒட்டும். அதுக்குக் காது நல்லாக் கேக்கும். சீக்கிரம் போயிடும். அடியிலேருந்து புதுசு வளர நாளாகும்.”

“கேடு கெட்டது நிக்குது, சொன்ன பேச்சு கேக்குறது போகுது. இது என்ன நியாயம் மேடம்?”

“நியாயம் இல்ல சார். மருந்து.”

*

சாயங்காலம் ஆகிவிட்டது. தம்பிக்குப் போன் செய்யவேண்டும். பூமிநாதன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். வாசல் வரை போனார். திரும்பி வந்தார்.

“மேடம், அவன்கிட்ட எல்லாம் செத்துருச்சுன்னு சொல்லிரவா?”

முபீனா பசைக் குழாயை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

“அறுபத்திரண்டுன்னு சொன்னா, மிச்சம் முப்பத்தெட்டு என்னாச்சும்பான். உசுரோட இருக்குன்னா, பாத்தியா, நான் சொல்லலையாம்பான். மெஷின்ல ஏறிருவான். எனக்கு அவனைத் தெரியும். ஒரு பொய்தான். நல்லதுக்குத்தானே?”

முபீனா உள்ளே போனாள். செல் வளர்க்கிற சூட்டுப்பெட்டியைத் திறந்து, மருந்து விட்ட ஜோடியில் இன்னும் எண்ணாமல் இருந்த இன்னொரு தட்டை எடுத்துவந்தாள். அதை நுண்ணோக்கியில் வைத்து, நகர்ந்து நின்றாள்.

பூமிநாதன் குனிந்து பார்த்தார். மேலே செத்தவை மிதந்தன. அடியில், அங்கொன்றும் இங்கொன்றுமாக, பிடியை விடாமல் சிலது உட்கார்ந்திருந்தன. ஒன்று ரெண்டாகப் பிரியப் பார்த்துக்கொண்டிருந்தது.

முபீனா தட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“எல்லாம் செத்துருச்சுன்னு சொல்லிட்டு, இதை எங்க சார் ஒளிப்பீங்க?”

*

“என்னண்ணே, செத்துச்சா?”

“செத்துச்சுடா.”

“பூராமா?”

பூமிநாதன் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். ஒரு சொல்தான். ஆமா என்றால் முடிந்தது.

“இல்லடா. நூத்துக்கு அறுபத்திரண்டு. மிச்சம் நிக்குது.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“இதுகூடத் தட்டுலதான். ஓங் கன்னத்துல எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. டாக்டர்தான் பாத்துச் சொல்லணும்.”

“ம்.”

“அந்தக் காதுச் சத்தத்தை ஊசிக்கு முன்னாடியே மறுபடியும் அவர்ட்ட சொல்லணும். அழுத்திச் சொல்லணும். இன்னொண்ணு, மருந்து கொல்லலையாம்டா. அதுவாத்தான் போகுதாம். எப்படின்னு கேட்டா எனக்கே இன்னும் சரியா…”

“அத விடுண்ணே. மிச்சம் நிக்குதுங்கிற.”

“நிக்குது.”

பூமிநாதன் கண்ணை மூடிக்கொண்டார். போச்சு. எல்லாம் போச்சு. பேசாமல் பொய்யே சொல்லியிருக்கலாம்.

“அப்ப மூணாவது அந்த மிச்சத்துக்கா?”

பூமிநாதன் கண்ணைத் திறந்தார். இத்தனை வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவர். ஒரு மாசமாக நுண்ணோக்கியிலேயே குடியிருந்தவர். இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை.

“இத மொதல்லயே சொல்றதுக்கென்னண்ணே? எல்லாரும் ‘ஊசி போடு, ஊசி போடு’ங்கிறீங்களே ஒழிய, எதுக்குன்னு ஒருத்தன் சொல்லல. ரெண்டு போட்டும் தீராதது மூணுல என்னத்தத் தீரப்போகுதுன்னு இருந்தேன். வயல்ல மூலையில நிக்கிற கதிர விட்டுட்டு மெஷின எறக்குற ஆளா நானு?”

“சேவுகா…”

“புதன்கிழமை மொதப் பஸ்ஸு எத்தன மணிக்கு?”